வீரனுக்கு எதற்கு ராசா வீட்டுத் தொட்டில்?

சென்ற ஆண்டு ஆடி மாதம், திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சிற்றூர். அருந்ததியர் குடியிருப்பில் நடக்கும் இரவுப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு எங்கள் கலைக்குழு போயிருந்தது. 20 ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய மதுரை வீரன் பாட்டைத் தோழர்கள் பாடினார்கள். பறை நன்றாகக் காய்ந்திருந்தது. அடி விழ விழப் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். அந்தப் பாட்டு எப்போதும் தோற்றதில்லை. எந்த ஊரில் பாடினாலும் கைதட்டல் கிடைக்கும்.

நிகழ்ச்சி முடிந்து தப்புகளை உறையில் போட்டுக் கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். அவள் அம்மா ஊராட்சியில் தூய்மைப் பணியாளர். "அண்ணே, வீரன் காசி ராசா மகன்னு பாடுனீங்கள்ல. அப்ப அவரு நம்மாளு இல்லையாண்ணே?" என்று கேட்டாள்.

"நம்மாளு வளர்த்த பிள்ளைம்மா" என்று சொன்னேன். அவள் விடவில்லை. "வளர்த்தது நம்மாளு. வீரம் ராசாகிட்ட இருந்து வந்துச்சா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. நேரமாகிவிட்டது, கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவே இதை எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமல்ல, பழங்கதையையும் தொன்மத்தையும் வரலாற்றையும் எடுத்துச் சாதி ஒழிப்பு மேடைக்குப் பாட்டுக் கட்டும் என் போன்ற எல்லாத் தோழர்களுக்கும் சேர்த்துத்தான். என் பாட்டில் இருக்கும் தவறு என் ஒருவனுடைய தவறு இல்லை என்று நினைக்கிறேன்.

ஒட்டுப் போட்ட பிறப்புகள்

மதுரை வீரன் கதை எல்லோருக்கும் தெரியும். காசி ராசாவுக்குக் கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்படுகிறான். கதை சக்கிலியர் என்று குறிப்பிடும் அருந்ததியத் தம்பதி அவனை எடுத்து வளர்க்கிறார்கள். அவன் பொம்மியைக் காதலித்து அழைத்துப் போகிறான். மதுரைக்கு வந்து கள்வரை அடக்குகிறான். கடைசியில் வெள்ளையம்மாளோடு பிடிபட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். கொன்ற ஊரே பயந்து கோயில் கட்டுகிறது. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுர வாசலில் இன்றும் அவன் நிற்கிறான். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் இந்த ராசா வீட்டுப் பிறப்பை அப்படியே வைத்துக் கொண்டது. நான் சிறுவனாகக் கேட்டதும் இதுதான். எழுதியதும் இதுதான்.

காத்தவராயன் கதையைப் பாருங்கள். பார்ப்பனப் பெண் ஆரியமாலாவை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்டவன் அவன். கதைப்பாடலில் அவன் தெய்வப் பிறவி. சாபத்தால் மண்ணுக்கு வந்து பறையர் வீட்டில் வளர்கிறான். 1958-இல் சிவாஜி கணேசன் நடித்துப் படமானது. ஈழத்தில் காத்தவராயன் கூத்தாக ஊர் ஊராக ஆடப்பட்டது. கழுமரம் எங்கும் ஒன்றுதான். தெய்வப் பிறப்பும் எங்கும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

முத்துப்பட்டன் கதை இன்னும் கூர்மையானது. முத்துப்பட்டன் பார்ப்பனன். பொதிகை மலைப் பக்கம் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களின் பாட்டைக் கேட்டு மயங்கிப் பின்னால் போகிறான். அவர்களுடைய தந்தை வாலப்பகடை உடனே பெண் கொடுக்கவில்லை. பூணூலை அறுத்துவிட்டு வா, குடுமியை எடுத்துவிட்டு வா, தோல் வேலை படி, செருப்புத் தைத்து விற்றுக் காட்டு என்கிறார். முத்துப்பட்டன் அத்தனையும் செய்கிறான். அண்ணன்மார் பிடித்து அடைத்து வைத்தும் தப்பி வருகிறான். மணம் முடிந்த கையோடு மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் சிதையேறுகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். பக்தர்கள் அவனுக்குத் தோல் செருப்பு செய்து காணிக்கை கொடுக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் கோயில்கள் நிறைந்த நாட்டில், செருப்பையே காணிக்கையாக ஏற்கும் சாமி ஒன்று இருக்கிறது என்றால் அந்தக் கதைக்குள் எவ்வளவு நெருப்பு இருந்திருக்க வேண்டும்!

அந்த நெருப்பிலும் தண்ணீர் ஊற்றினார்கள். பிற்கால வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பார்ப்பனப் பெண்கள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு முன்கதை சேர்ந்துவிட்டது. இதைச் சேர்த்தவுடன் கதையே தலைகீழாகிறது. பார்ப்பனன் பார்ப்பனப் பெண்ணைத்தான் மணந்தான். சாதி எங்கேயும் மீறப்படவில்லை. பூணூலை அறுத்தது, செருப்புத் தைத்தது எல்லாம் இடையில் நடந்த ஒரு சோதனை என்றாகிவிடுகிறது.

இந்த ஒட்டுகளை முதலில் விரிவாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. முத்துப்பட்டன் கதையையும் காத்தவராயன் கதைப்பாடலையும் அவர் பதிப்பித்து, 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சாதி மீறிய காதலை மக்கள் பாடினார்கள்; பாடுவதைத் தடுக்க முடியாதவர்கள் பிறப்பை மாற்றினார்கள் என்பதே அவர் காட்டிய உண்மையின் சாரம். அதை நான் படித்தது என் மதுரை வீரன் பாட்டு ஊரெல்லாம் பரவிய பிறகு. படித்த பிறகும் பாட்டைத் திருத்தவில்லை. கைதட்டல் கிடைக்கிற பாட்டில் கைவைக்க யாருக்கு மனம் வரும்?

நந்தனுக்கு மறுபிறப்பு

மூன்று கதைகளிலும் பிறப்பை மாற்றினார்கள் என்றால், நந்தன் கதையில் மறுபிறப்பைக் கொடுத்தார்கள்.

சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்று பெயர் மட்டும் சொல்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் ஆதனூர்ப் புலைப்பாடியை விரிவாகப் பாடுகிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்த நந்தன், தில்லைக்குள் போக ஏங்குகிறான். முடிவில் எரியில் மூழ்கிப் பூணூல் துலங்கும் முனிவனாக எழுந்து உள்ளே போகிறான். தீக்குள் போன உடம்பு பறையருடையது. வெளியே வந்த உடம்பு பார்ப்பனருடையது. கோயில் கதவு கடைசி வரை பறையருக்குத் திறக்கவே இல்லை.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத ஓர் ஆண்டை, அந்த வேதியர், அவருடைய கதையில் வருகிறார். நந்தன் பண்ணையாள் ஆகிறான். தஞ்சைப் பக்கத்துப் பண்ணை அடிமை முறையைக் கண்ணால் பார்த்த ஒரு பார்ப்பனப் பாடகர், பார்த்ததைப் பாட்டில் வைத்தார். அந்த அளவுக்கு அவருடைய பாட்டு புராணத்தைவிட உண்மைக்கு நெருக்கமானது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் முடிவில் அதே தீ. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார், 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். பாட்டு மாறியது, இசை மாறியது, தீ மாறவில்லை.

பாட்டுக் கட்டுகிறவனுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பழங்கதையை நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் முற்போக்காகப் பாடலாம். தொடக்கத்தில் பிறப்பும் முடிவில் தீயும் அப்படியே இருந்தால், நடுவில் பாடியதெல்லாம் அவர்கள் கணக்கில்தான் வரவு வைக்கப்படும்.

நாமும் ஒட்டுப் போடுகிறோம்

இதுவரை சொன்னது அவர்கள் செய்தது. இனி நாம் செய்வதைப் பேசுவோம். இதை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கெல்லாம் மதிப்பில்லை.

கடந்த 20, 30 ஆண்டுகளில் நம் மேடைகளிலும் 'ஆண்ட பரம்பரை' புகுந்துவிட்டது. ஒரு பாட்டு வேண்டும் என்று வருகிற தம்பிகளில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான்: "நாம மன்னர் வம்சம்னு வரணும்ணே, சோழனும் பாண்டியனும் நம்மாளுன்னு வரணும்ணே." ஆதிக்கச் சாதிகள் ஒவ்வொன்றும் ஒரு மன்னனைப் பங்கு போட்டுச் சுவரொட்டி அடிக்கின்றன. அதைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கும் ஒரு மன்னன் வேண்டியிருக்கிறது. அவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. என் பாட்டில் காசி ராசா நுழைந்ததும் அதே ஆசையால்தான்.

ஆனால் மன்னன் என்பவன் யார்? தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஊர் நிலத்தைக் கணக்கிடும்போது வரி இல்லாத இடங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் அங்கே இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சேரி தனியாக அளந்து விடப்பட்டிருக்கிறது. அந்த மன்னன் எங்கள் சாதி என்று பாடுகிற தம்பி, தன் பாட்டனைச் சேரியில் வைத்தவனைத் தன் பாட்டன் என்று பாடுகிறான்.

'சங்க காலத்தில் சாதியே இல்லை' என்ற பல்லவியும் நம்மிடம் உண்டு. கீழடி அகழாய்வு வெளிச்சத்துக்கு வந்த பிறகு அது இன்னும் உரக்கக் கேட்கிறது. கீழடியை நானும் கொண்டாடுகிறேன். எழுத்தறிவு பரவலாக இருந்த ஒரு நகர வாழ்க்கையை மண்ணிலிருந்து எடுத்துக் காட்டிய இடம் அது. ஆனால் பொற்காலம் பாடுவதற்கு முன் புறநானூற்றை முழுக்கப் படிக்க வேண்டும். துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கே குடி என்று பெருமையோடு பாடும் பாட்டும் அதில் இருக்கிறது. முரசும் துடியும் அடிப்பவனை 'இழிசினன்', 'இழிபிறப்பாளன்' என்று சொல்லும் பாட்டுகளும் அதில்தான் இருக்கின்றன. முதலாவதை மட்டும் எடுத்துப் பாடிவிட்டு இரண்டாவதை மறைத்தால், நாமும் ஏட்டைத் திருத்துகிறவர்கள்தாம். இரண்டையும் சேர்த்துப் பாடினால் எவ்வளவு வலுவான பாட்டு கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெருமையும் இழிவும் ஒரே ஏட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எந்தக் கை ஒன்றை மற்றதாக்கியது என்று பாட்டே கேட்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு வரும்; நியாயமான மறுப்பு. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பண்ணையாளாக ஏற்காமல் அரசனாக, பௌத்தனாக எழுதினாரே? அவர் செய்ததும் ஒட்டுத்தானா?

1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இவர்கள் படைப்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று எல்லாத் திசையிலிருந்தும் சொல்லப்பட்ட காலம் அது. தாழ்த்தப்பட்டோம் என்றால் அதற்கு முன் ஒரு நிலை இருந்திருக்க வேண்டும், அதை எங்களிடமிருந்து பறித்தவர்கள் இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அந்த வாதத்தில் நந்தனின் முடியைவிட முக்கியமானது நந்தனின் பௌத்தம். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லாத ஒரு வாழ்க்கை இங்கே இருந்தது என்பதே அவர் நாட்ட வந்த செய்தி. நம் தம்பிகள் பௌத்தத்தைக் கீழே போட்டுவிட்டு முடியை மட்டும் எடுத்துக் கொண்டார்கள். பண்டிதரின் வரலாற்று முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவரை ஆண்ட பரம்பரைக்குச் சாட்சியாக இழுப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

மகாத்மா ஜோதிராவ் புலே 1869-இல் சிவாஜியைப் பற்றி ஒரு பொவாடா பாடினார். பொவாடா என்பது மராத்தியில் டஃப் அடித்துப் பாடும் வீரக்கதைப் பாட்டு. அதுவரை பசுவையும் பார்ப்பனரையும் காத்தவன் என்று பாடப்பட்ட சிவாஜியை, புலே உழவர் குடியின் பெருமை என்று பாடினார். மன்னனைத் தன் சாதிக்கு வாங்குவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. மன்னனை உழைப்பவர்கள் பக்கம் இழுத்தார். 1873-இல் 'குலாம்கிரி' எழுதியபோது வாமன அவதாரக் கதையை எடுத்து, காலடியில் மிதிக்கப்பட்ட பலிச் சக்கரவர்த்தியின் பக்கம் நின்று சொன்னார். பலியின் ஆட்சி திரும்ப வரட்டும் என்பது மராட்டிய உழவர் வீடுகளில் தீபாவளி நாளில் பெண்கள் சொல்லும் வாழ்த்து. மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த ஒரு வாழ்த்திலிருந்து அவர் தன் வாதத்தை எடுத்தார். நமக்கு வேண்டிய வழி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேரளத்தில் பொய்கையில் அப்பச்சன் இன்னொரு வழியைக் காட்டினார். அடிமைகளாக விற்கப்பட்ட தன் முன்னோருக்கு அவர் முடி சூட்டவில்லை. தாயும் பிள்ளையும் பிரித்து விற்கப்பட்டதையும், எந்த ஏட்டிலும் தன் மக்களின் கதை எழுதப்படாததையும் பாட்டாக்கினார். வரலாறு இல்லை என்பதையே வரலாறாகப் பாடியவர் அவர். அந்தப் பாட்டுகளைச் சுற்றி ஓர் இயக்கமே எழுந்தது. அடிமையின் பேரன் என்று சொல்லிக்கொண்டே தலை நிமிர முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிதையில் ஏறிய பெண்கள்

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டுகளில் பெண்கள் எங்கே?

பொம்மி, வெள்ளையம்மாள், ஆரியமாலா, பொம்மக்கா, திம்மக்கா. ஆண் வீரனைப் பற்றிய எங்கள் பாட்டுகளில் இவர்கள் ஒரு வரியில் காதலிக்கிறார்கள், இன்னொரு வரியில் உடன் சாகிறார்கள். அவர்கள் சிதை ஏறும் இடத்தில் பறை உச்சத்துக்குப் போகும். கூட்டம் கண்கலங்கும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். உடன்கட்டையைப் பார்ப்பனியக் கொடுமை என்று கட்டுரையில் எழுதிவிட்டு, பாட்டில் அதையே கற்பின் உச்சமாகப் பாடியிருக்கிறேன்.

பெண் உடன் சாவதும் பெண்ணைக் கட்டியவனைக் கொல்வதும் பழங்கதையாக முடிந்து போயிருந்தால் பரவாயில்லை. 2003-இல் புதுக்கூரைப்பேட்டையில் காதல் மணம் செய்த இருவரையும் நஞ்சு கொடுத்து எரித்தார்கள். 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் கடைவீதியில் வெட்டினார்கள். காத்தவராயனின் கழுமரம் இன்னும் பிடுங்கப்படவில்லை. ஆனால் உடுமலைப்பேட்டையில் உயிர் பிழைத்த பெண் சிதை ஏறவில்லை. பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார். இனி எழுதும் காத்தவராயன் பாட்டில் ஆரியமாலா எப்படி நிற்க வேண்டும் என்று அவர் நமக்குக் காட்டிவிட்டார். கதையை மாற்றாமலே இதைச் செய்யலாம். கழுமரத்தடியில் நிற்கும் பெண்ணின் வாயால் பாட்டைத் தொடங்கினால் போதும். ஒப்பாரி என்ற வடிவமே பெண்கள் கையில்தான் இருக்கிறது. இறந்தவரை மட்டும் பாடாமல் கொன்றவரையும் பெயர் சொல்லி ஏசுகிற ஒப்பாரிகளை நம் அம்மாக்கள் பாடி நாம் கேட்டிருக்கிறோம்.

பாட்டுக்கு அடிக்குறிப்பு கிடையாது

கட்டுரை எழுதுகிறவர் 'என்று சிலர் கருதுவர்' என்று எழுதித் தப்பிக்கலாம். பாட்டில் அது முடியாது. கேட்டவர் வீட்டுக்குப் போகும்போது பல்லவி மட்டும்தான் கூடப் போகும். எட்டு வயதில் கேட்ட பல்லவி எண்பது வயது வரை நிற்கும். அதனால்தான் பாட்டுக்காரனுக்குப் பொறுப்பு கூடுதல்.

எங்கள் குழுவில் பேசிச் சில வழக்கங்களை இப்போது வைத்துக் கொண்டிருக்கிறோம். சட்டம் என்று சொல்லவில்லை. மற்றக் குழுக்கள் பேசிப் பார்க்கலாம்.

முதலாவது, எந்தக் கதையை எடுத்தாலும் அதன் பல வடிவங்களைக் கேட்பது. அச்சான அம்மானையும் பெரிய எழுத்துப் புத்தகமும் போதாது. கொடை விழாவில் பாடுகிற வில்லுப்பாட்டுக்காரரிடமும் கணியான்கூத்துக்காரரிடமும் சாமியாடுகிறவரிடமும் கேட்க வேண்டும். எந்த வடிவத்தில் பிறப்பு எப்படி வருகிறது என்று குறித்துக்கொண்டாலே ஒட்டு எங்கே விழுந்தது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, தெரிந்ததையும் கட்டியதையும் பாட்டுக்குள்ளேயே பிரித்துக் காட்டுவது. இதற்கு நம் மரபிலேயே வழி இருக்கிறது. வில்லுப்பாட்டில் அண்ணாவி கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். இடையிடையே கேள்வியும் கேட்பார். அந்தப் பின்பாட்டுக்காரரை நாங்கள் இப்போது 'ஆமா' போட மட்டும் வைத்திருப்பதில்லை. "ராசா மகன்னு யாரு சொன்னது? சொன்னவருக்கு அதுல என்ன லாபம்?" என்று அவர் கேட்பார். கூட்டம் சிரிக்கும். சிரித்துக்கொண்டே யோசிக்கும்.

மூன்றாவது, பட்டியல் சாதிகளுக்குள் ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்தும் வரி எதுவும் இருக்கக் கூடாது. வீரன் ஒரு சாதிக்குச் சொந்தம், ஒண்டிவீரன் ஒரு சாதிக்குச் சொந்தம், நந்தன் ஒரு சாதிக்குச் சொந்தம் என்று பட்டா போட்டால் அம்பேத்கரையும் அப்படித்தான் பட்டா போடுவோம். அந்த வீரர்கள் எந்தக் குடியில் பிறந்தார்கள் என்பதை மறைக்கவும் கூடாது. குடியை மறைப்பது ஒரு தவறு. குடிக்கு மட்டுமே எழுதி வைப்பது இன்னொரு தவறு.

நான்காவது, தெய்வமாக்கிய இடத்தில் பாட்டை முடிக்காமல் இருப்பது. கொன்றுவிட்டுக் கோயில் கட்டுவது இந்த நாட்டில் ஒரு பழைய சமாதான ஏற்பாடு. 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச் செல்லும் என்று எச்சரித்தார். அவரைப் பற்றிய நம் பாட்டுகளுக்கே அந்த எச்சரிக்கை பொருந்தும் என்றால் வீரனுக்கும் பொருந்தும். கும்பிட வைக்கும் பாட்டு நமக்கு வேண்டாம். ஏன் கொன்றீர்கள் என்று கேட்க வைக்கும் பாட்டு வேண்டும்.

பெருமை வேண்டாமா?

"எல்லாப் பெருமையையும் பிடுங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம், தோழர்?" என்று எங்கள் குழுவின் மூத்த பறைக்கலைஞர் கேட்டார். ஊரார் 'டேய்' என்று கூப்பிட வாழ்ந்தவர் அவர். அவர் கேட்கும்போது சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது.

பெருமை வேண்டும். யாருடைய அளவுகோலால் அளந்த பெருமை என்பதுதான் கேள்வி. வீரன் ராசா மகன் என்பதால் வீரன் என்று பாடினால், வீரம் இரத்தத்தில் வருகிறது, பிறப்பில் வருகிறது என்று ஒப்புக்கொள்கிறோம். சாதி சொல்வதும் அதுவேதான். சாதியின் இலக்கணத்தில் சாதிக்கு எதிராகப் பாட்டு எழுத முடியாது. ராசா மகனை வைத்துப் பாடும் பாட்டு, தோல் தைத்த கையை வெட்கப்பட வைக்கிறது.

வாலப்பகடையைப் பாருங்கள். பெண் கேட்டு வந்த பார்ப்பனனிடம், நீ இறங்கி வா என்று அவர் சொல்லவில்லை; வேலை படி என்று சொன்னார். செருப்புத் தைக்கத் தெரியாதவனுக்கு என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்றார். தன் தொழிலைத் தகுதியாக வைத்து ஒரு பார்ப்பனனைத் தேர்வு எழுத வைத்த தகப்பன் அவர். தொழிலைப் பிறப்போடு கட்டி வைத்ததுதான் கொடுமை. உழைப்பில் இழிவு எதுவும் இல்லை என்று அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. எந்த மன்னனிடம் இந்தக் கம்பீரத்தைக் காட்ட முடியும்?

மன்னர்கள் தேவைப்படாத வரலாறும் நம்மிடம் நிறைய இருக்கிறது. 1927-இல் மகாடில் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளிக் குடித்தவர்களில் யாரும் ராசா மகன் இல்லை. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரும் கூலி கேட்ட குடிகள். 1997-இல் மேலவளவில் வெட்டப்பட்டவர் ஊராட்சித் தலைவராக நாற்காலியில் உட்கார முயன்றவர். 1999-இல் தாமிரபரணிக் கரையில் இறந்த 17 பேர் கூலிக்காக ஊர்வலம் போனவர்கள். இன்னும் 300 ஆண்டு கழித்து இவர்களைப் பற்றிய கதைப்பாடல் பாடப்படும்போது, யாராவது இவர்களுக்கும் ஒரு ராசா வீட்டுத் தொட்டிலை ஒட்ட வருவார்கள். அப்போது ஒட்ட இடமில்லாதபடி இப்போதே நாம் நன்றாகக் கட்டி வைக்க வேண்டும்.

பழைய சரணத்தை விட்டுவிடுங்கள்

மதுரை வீரன் பாட்டின் முதல் சரணத்தை எடுத்துவிட்டேன். புதிய சரணம் வீரனைத் தூக்கி வளர்த்த தாயின் வாயால் தொடங்குகிறது. அவள் அவனைக் காட்டில் கண்டெடுத்ததாகச் சொல்லவில்லை. பெற்றதாகச் சொல்கிறாள். பின்பாட்டுக்காரர், "ஊரெல்லாம் காசி ராசா மகன்னு சொல்லுதே?" என்று கேட்கிறார். "ஊரு சொல்லும். வலி பட்டவ நான்" என்கிறாள் அவள். இதை வரலாறு என்று நான் சொல்லவில்லை. ஒட்டுக்கு எதிரான கேள்வியாக வைத்திருக்கிறேன். அது கேள்விதான் என்று பாட்டும் சொல்கிறது.

முதல் முறை பாடியபோது கைதட்டல் முன்பு போல் இல்லை. பழைய மெட்டுக்கும் புதிய சொல்லுக்கும் இன்னும் முழுதாகப் பொருத்தம் வரவில்லை. ஒரு தோழர், "பழசே நல்லாருந்துச்சு" என்று முகத்துக்கு நேரே சொன்னார். இருக்கட்டும். பாடப் பாட உட்காரும்.

என் பழைய பாட்டைப் பல குழுக்கள் இன்னும் பாடுகின்றன. பதிவுகள் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. யாரும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். இயக்கப் பாட்டு எல்லோருக்கும் சொந்தம். எழுதியவன் என்ற முறையில் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்த முதல் சரணத்தை இனிப் பாடாதீர்கள். புதிய சரணம் பிடிக்கவில்லை என்றால் நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். காசி ராசாவை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

இந்த ஆடிக்கும் அந்த இரவுப் பள்ளியில் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. அவள் முன்னால் நின்று பாடிவிட்டு, இந்த முறை கடைசிப் பேருந்தை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.